தாய் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் செங்கோட்டைக்காரி. திருவனந்தபுரத்தில் குழந்தைகளின் பரம்பரை வளர்சிதை மாற்றக் கோளாறுகளை, அதாவது சாப்பிட்டதை உடல் சரியாகப் பயன்படுத்த முடியாமல் பிறவியிலேயே வரும் நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். இதைத் தமிழில் எழுத ஆசை. கலைச்சொற்களுக்கு என்ன செய்வது? நம் பக்கத்தில் இன்னமும் அக்காள் மகளைக் கட்டுகிறார்கள், பிள்ளை நோயோடு பிறந்தால் சாமி குத்தம் என்கிறார்கள். வார்டில் தாய்மார்களிடம் விவரம் கேட்டால் சம்பந்தமில்லாமல் ஏதேதோ பேசுகிறார்கள். இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கலைச்சொல்லைப் பெரிய பிரச்சினை ஆக்காதீர்கள். என்சைம் என்றே எழுதி, அது என்ன வேலை செய்கிறது என்று அடுத்த வரியில் சொல்லிவிடுங்கள். சாமி குத்தத்தோடும் இப்போது மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் கடைசி வரிகளுக்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் அது.

‘சம்பந்தமில்லாமல் ஏதேதோ’ என்று எழுத எப்படியம்மா மனம் வந்தது? நார்வேயில் போர்க்னி எகலன்ட் என்ற தாய்க்கு இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் மூளை வளர்ச்சி இல்லை. பிள்ளைகள் மேல் ஒரு வாடை அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்தார். 1934இல் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற டாக்டர் அதைக் காதில் வாங்கினார். சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடை விட்டதும் கரும்பச்சையாக மாறியது. அது என்னவென்று பிரித்தெடுக்க லிட்டர் கணக்கில் சிறுநீர் வேண்டியிருந்தது. அந்தத் தாய்தான் கொண்டுவந்து கொடுத்தார். நீங்கள் பாடமாகப் படித்த ஃபினைல்கீட்டோனூரியா, புரதத்தில் இருக்கும் ஃபினைல் அலனினை உடலால் சிதைக்க முடியாமல் வரும் நோய், இப்படிப் பிடிபட்டதுதான். அவருடைய பிள்ளைகளுக்குக் காலம் கடந்திருந்தது.

1951இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் ஷீலா என்ற குழந்தைக்கு இதே நோய். மருந்து கிடையாது என்று சொன்ன பிறகும் அவள் தாய் காலையில் ஆய்வகத்து வாசலில் வந்து நிற்பார். அந்த நச்சரிப்பில்தான் அங்கிருந்த டாக்டர் ஹோர்ஸ்ட் பிக்கலும் கூட இருந்தவர்களும் ஃபினைல் அலனின் நீக்கிய உணவைத் தயாரித்தார்கள். குழந்தை தேறியது. உணவால்தானா என்று பார்க்க, தாயிடம் சொல்லாமல் அதே ஃபினைல் அலனினை மறுபடி கலந்து கொடுத்தார்கள். பத்து மாதத்தில் வந்ததெல்லாம் சில நாளில் போய்விட்டதே என்று தாய் வந்து சொன்னார். அவர் கண்ணுக்குத் தப்பவில்லை பாருங்கள்.

புளியரையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வருவோம். தாய்மாமனுக்கு வாழ்க்கைப்பட்டவர். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும், நாலைந்து நாளில் பால் குடிக்க மறுக்கும், துவண்டுவிடும், போய்விடும். ஒன்றல்ல, அடுத்தடுத்து. ‘இவ பால் ஆகாது’ என்றாள் மாமியார். பிள்ளைத் துணியில் பாகு காய்ச்சும் வாடை வருகிறது என்று அக்கா சொன்னதற்கு டாக்டர் எரிந்து விழுந்தார். கடைசியில் அந்த ஈரத்துணியை என் அம்மாவிடம் நீட்டி, ‘நீங்களாவது மோந்து பாருங்க மதினி’ என்றார். அம்மா மோந்து பார்த்துவிட்டு, ‘ஆமா, பாகு வாடைதான்’ என்றாள். அந்த ஊரில் அக்காவை நம்பியது அவள் ஒருத்திதான். அவர்களுக்கு வந்தது எதுவென்று இப்போது நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் சிறுநீரில் எரிந்த சர்க்கரை வாடை அடிக்கும் மேப்பிள் சிரப் நோய் உங்கள் பட்டியலில் இருக்கிறதே, அந்தத் துணி உங்கள் வார்டுக்கு வந்திருந்தால் அதுவும் ‘ஏதேதோ’தானா?

சொந்தத்தில் கட்டுவது பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஆர்ச்சிபால்ட் கேரோட் என்ற இங்கிலாந்து டாக்டர் 1902இலேயே, சிறுநீர் கறுத்துப்போகும் அல்காப்டோனூரியா என்ற பரம்பரை நோய் வந்த குடும்பங்களில் அதைக் கவனித்தார். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் மரபணுவில் நாலில் ஒரு பங்கு பொது. ஆனால் அதைத் தாயைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லாதீர்கள். புருஷனும் மாமியாரும் இருக்கும்போது சொல்லுங்கள்: பழுது தகப்பனிடமும் இருக்கிறது, தாயிடமும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் நோய், ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீதம் வாய்ப்பு. ‘எங்க தாத்தாவும் அக்கா மகளைத்தான் கட்டினார், எல்லாப் பிள்ளையும் நல்லாத்தானே இருக்கு’ என்பார்கள். மிச்சம் 75 சதவீதத்தையும் அப்போது பொறுமையாக விளக்குங்கள்.

தமிழில் எங்கே தொடங்குவது என்றால், வார்டிலிருந்தே தொடங்குங்கள். உங்கள் படிவத்தில் கட்டம் இல்லாத ஒன்றை ஒரு தாய் சொன்னால், அவர் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு அதையே முதல் கட்டுரையாக எழுதி அனுப்புங்கள். இங்கே போடுகிறேன்.