வாசகர் கேள்விகள்: நீள்சதுரத் தங்க வாட்ச்

கேள்வி: அப்பா 80களில் துபாயிலிருந்து கட்டிக்கொண்டு வந்த கார்டியர் கம்பெனியின் ‘டேங்க்’ வாட்ச் இப்போது என்னிடம். பார்க்கத் தங்கம்தான், ஆனால் பின்மூடியில் ‘ஆர்ஜென்ட் 925’, ‘பிளாக்கே ஓர்’, ‘20 எம்’ என்று இருக்கிறது. பாலக்காட்டில் ஒரு நகைக்கடையில், வெள்ளி விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். கொடுத்துவிடலாமா? இதுபோல இன்னும் இரண்டு சேர்க்கவும் ஆசை.
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை, வாட்சைத் தராசில் வைத்ததுதான் தப்பு. 1970களின் பிற்பாதியில் கார்டியர், ‘மஸ்ட்’ என்ற பெயரில் கொஞ்சம் கைக்கு எட்டும் விலையில் ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. வெள்ளிக் கேஸ், மேலே 20 மைக்ரான், அதாவது 0.02 மில்லிமீட்டர் தங்க முலாம். நீங்கள் எழுதிய முத்திரை அந்த வகைக்குரியது. ஒரிஜினலாக இருந்தால் வெள்ளியின் எடைக்கும் அதன் விலைக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் டூப்ளிகேட் மலிந்த மாடல் இது, அதனால் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் மெஷினைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த பழைய வாட்ச் ரிப்பேர்காரரிடம் முதலில் காட்டுங்கள். ரோமன் எண் டயல் என்றால் ஏழு அல்லது பத்தின் ஒரு கோட்டுக்குள் கம்பெனி பெயர் பொடி எழுத்தில் இருக்கும், லென்ஸ் வைத்தால் தெரியும் (டூப்ளிகேட்காரர்களும் இதைக் காப்பியடிக்கிறார்கள், அதை மட்டும் நம்பாதீர்கள்).

பாலிஷ் போடவே விடாதீர்கள், உரைகல்லும் வேண்டாம். முலாம் முதலில் தேய்வது மூலைகளில்; அங்கே லேசாக வெள்ளி எட்டிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், அது கட்டிப் புழங்கிய வாட்ச்.

அடுத்து முழுத் தங்கமே வேண்டும் என்றால் 750, அதாவது 18 காரட் முத்திரை தேடுங்கள். 916 பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு 18 காரட் மட்டமாகத் தெரியும், ஆனால் 22 காரட் வாட்ச் கேஸுக்கு ரொம்ப மெத்து, சீக்கிரம் நசுங்கும். சுவிஸ் 18 காரட் கேஸில் 1995 வரை ஹெல்வெஷியா என்ற பெண்ணின் தலை, அதற்கப்புறம் செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை பொறித்திருக்கும்.

கேள்வி: பழைய நீள்சதுர வாட்செல்லாம் லேடீஸ் வாட்ச் போலச் சின்னதாக இருக்கிறதே, ஆம்பிளைக் கையில் எடுபடுமா?
– வாசகர், நகரி

பதில்: தாராளமாக. டேங்க் வடிவம் பிறந்தது 1917-ல், போர் டாங்கியை மேலிருந்து பார்த்த சாயல் என்பார்கள். ரிவர்ஸோ என்ற இன்னொரு நீள்சதுர வாட்ச் இன்னும் நமக்கு நெருக்கம்: இந்தியாவில் போலோ ஆடிய பிரிட்டிஷ் அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடி உடைந்துகொண்டே இருந்ததால், முகத்தைத் திருப்பி உள்பக்கமாக வைத்துக்கொள்ளும் கேஸ் 1931-ல் வந்தது. இரண்டும் ஆண்கள் கட்டியவைதான். வட்ட வாட்சின் அளவுக் கணக்கை இதற்குப் போடக்கூடாது. அகலம் 25 மில்லிமீட்டர் இருந்தாலும் நீளம் கையை நிறைத்துவிடும். முழுக்கைச் சட்டைக்குள் சிக்காமல் நுழைகிறதா, அதைப் பாருங்கள். தேதி, நொடிமுள் இல்லாததுதான் அழகு என்பது என் கட்சி. அப்புறம், நாலு சுமாரானதற்குப் போடும் காசை ஒன்றில் போடுங்கள்.

கேள்வி: சாரல் காலத்தில் கட்டலாமா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: வேண்டாம். வட்டப் பின்மூடியைத் திருகி இறுக்கலாம், நீள்சதுரத்தைத் திருக முடியாது. அழுத்தியோ மூலைக்கொரு ஸ்க்ரூ போட்டோதான் மூட வேண்டும், மூலையில் ஈரம் புகும். தோல் ஸ்ட்ராப் வேறு பூஞ்சை பிடிக்கும். கண்ணாடிக்குள் ஆவி படர்ந்தால் அரிசி டப்பாவில் புதைத்து வைக்காமல் அன்றைக்கே ரிப்பேர்காரரிடம் கொடுங்கள்.