கரணையா, கரண்டியா?

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவர் வேலைக்கு வந்த கொத்தனார்களில் ஒருவர் சாந்து பூசும் கருவியைக் ‘கரணை’ என்றார். இன்னொருவர் அதையே ‘கரண்டி’ என்றார். எது சரியான சொல்? பூசுவதைத் தவிர அதனால் வேறு பயன் உண்டா?

பதில்: இரண்டுமே சரிதான். 34 ஆண்டுகள் அதைப் பிடித்த கை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் தொழில் கற்ற இடத்தில் கரணை என்றுதான் சொல்வோம். ஆனால் கரும்பு பயிரிடுகிறவரிடம் கரணை கேட்டால், நடுவதற்கு வெட்டி வைத்த கரும்புத் துண்டைத்தான் எடுத்துக் கொடுப்பார். ஒருபருக் கரணை, இருபருக் கரணை என்று அதில் முளைவிடும் பருவை எண்ணிச் சொல்வார்கள். சரி, தட்டையான இரும்பு எப்படிக் கரண்டி ஆனது? சாந்தை அள்ளுகிறதே, அதனால்தான். வேறு மொழிக்காரர்களுக்கும் இதே எண்ணம் வந்திருக்கிறது. லத்தீனில் ‘ட்ருல்லா’ என்றால் சின்ன அகப்பை. ஆங்கிலத்தில் கரணையைக் குறிக்கும் ‘ட்ரவல்’ அதன் வழியில் வந்த சொல்தான். அதனால் கரண்டி என்றவரைத் திருத்த வேண்டாம்.

பூசுவது அதன் வேலைகளில் ஒன்றுதான். சுவரில் சாந்தை அடிப்பது கரணை; அடித்ததைத் தேய்த்துச் சமன் செய்வது மணியாசுக் கட்டை. கரணையின் முழுத் திறமையும் செங்கல் கட்டும்போதுதான் தெரியும். ஒரு கரணைச் சாந்தை அள்ளி, ஒரே இழுப்பில் வரிசையின் மேல் விரிக்க வேண்டும். கல்லை வைத்து அமுக்கினால் பக்கத்தில் சாந்து பிதுங்கும். அதைக் கரணையின் விளிம்பால் வழித்து, அடுத்த கல்லின் தலையில், அதாவது குறுகிய பக்கத்தில், அப்பிவிடுவோம். கல், மட்டம் பார்க்கக் கட்டிய நூலுக்கு மேலே நின்றால் பிடியின் அடியால் இரண்டு தட்டு. இணைப்பு சுமார் 10 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: சாந்து இறுகத் தொடங்கியபின் கல்லைத் தட்டி நகர்த்தவே கூடாது. பிடிப்பு விட்டுப்போகும். கல்லை எடுத்து, பழைய சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதுச்சாந்தில் வைப்பதுதான் முறை.

மண்ணுக்குள் பழைய வீடுகளைத் தேடும் அகழாய்வுக்காரர்களுக்கும் சிறு கரணைதான் முக்கியக் கருவி. அவர்கள் அதன் விளிம்பால் மண்ணை மெல்லிய படலமாகச் சுரண்டுவார்கள். எப்போதோ நட்ட மரத்தூண் மட்கிப் போயிருந்தாலும், அது நின்ற குழி வேறு நிறத்தில் வட்டமாகத் தெரியும். மண்வெட்டியால் வெட்டினால் அந்த வட்டம் போய்விடும். முதன்முதலில் இதைக் கேள்விப்பட்டபோது என் கரணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்களே ஒன்று வாங்குவதானால் கழுத்தைப் பாருங்கள். கைப்பிடிக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள வளைந்த தண்டைத்தான் சொல்கிறேன். மோசமான பற்றவைப்பாக இருந்தால் அங்கேதான் முதலில் விடும். வேலை முடிந்ததும் உடனே தண்ணீரில் அலசித் துடைத்து வையுங்கள். சிமெண்டு இறுகிய தகட்டில் அடுத்த நாள் சாந்து வழுக்கி இறங்காது, ஒட்டிக்கொண்டு வரும். அப்புறம், பழகிய கரணையை இரவல் கொடுக்காதீர்கள். பிடிக்கிறவர் கைவாகுக்கு ஏற்ப அது ஒரு பக்கமாகத் தேயும். என்னுடையது வலது கைக்குத் தேய்ந்தது. இடது கைக்காரரான என் தம்பியால் அதை வைத்து ஒரு வரிசைகூட ஒழுங்காகக் கட்ட முடியவில்லை.