மாவுப்பூச்சிக்குக் காவல்காரன் யார்?

மாடித்தோட்டக் குழுவில் இந்த வாரம் கேள்விகள் செடியை விட்டுப் பறவை, மான் வரை போய்விட்டன. விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து: சார், செம்பருத்தி முழுக்க வெள்ளையாக மாவுப்பூச்சி. மூன்று தடவை மருந்து அடித்தேன். ஒவ்வொரு தடவையும் முன்பைவிட அதிகமாக வருகிறதே?

மருந்தை வைத்துவிட்டு முதலில் தண்டைப் பாருங்கள், அம்மா. எறும்பு வரிசையாக ஏறி இறங்குகிறதா? மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டு, தித்திப்பான கழிவைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடும். எறும்புக்கு அதுதான் காபி, டிபன் எல்லாம். பதிலுக்கு, பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை எறும்பு கடித்து விரட்டும். மாடு வளர்ப்பவர் மாட்டைக் காப்பது மாதிரிதான். அதனால் தொட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடும் கிளையை வெட்டுங்கள். காவல் போனால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே, அதைவிடப் பெரிதாக, வெள்ளை மெழுகு இழைகள் தொங்கத் தொங்க ஒன்று வேகமாக நகர்ந்தால் அதை நசுக்கிவிடாதீர்கள். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்டு. இரையின் வேஷத்திலேயே இரையைத் தின்னும். நானே ஒரு வருடம் 'பெரிய மாவுப்பூச்சி' என்று நினைத்து டூத் பிரஷ்ஷால் இருபது முப்பதைத் தேய்த்துக் கொன்றிருக்கிறேன். பாடம் எடுத்தவனுக்கே அந்தக் கதி.

மருந்து ஏன் எதிர்மாறாக வேலை செய்கிறது? மாவுப்பூச்சியின் நூற்றுக்கணக்கான முட்டைகள் மெழுகுப் பஞ்சுக்குள் பத்திரமாக இருக்கும். வண்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது திரும்பப் பெருக இரை வேண்டும், நாளும் வேண்டும். இதே கணக்கைக் கடலிலும் பார்த்திருக்கிறார்கள். முதல் உலகப் போரின்போது, இத்தாலியை ஒட்டிய ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தது. அந்த வருடங்களில் இத்தாலியச் சந்தைகளுக்கு வந்த மீன்களில் சுறா போன்ற வேட்டை மீன்களின் பங்கு கூடியிருந்ததை டான்கோனா என்ற உயிரியலாளர் கவனித்தார். வோல்ட்டெரா என்ற கணித அறிஞர் 1926இல் அதற்குச் சமன்பாடு எழுதினார். அதைத் திருப்பிப் பார்த்தால், இரையையும் வேட்டையாடியையும் சேர்த்து அழித்தால், கடைசியில் லாபம் இரைக்குத்தான். உங்கள் செம்பருத்தியில் நடப்பதும் அதேதான்.

நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி நுழைந்து மல்பெரி, மரவள்ளி வரை நாசம் செய்தது. மருந்துக்கு அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைத் தருவித்து விட்டார்கள். அது பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். அதன் பிறகுதான் அடங்கியது.

மயிலாப்பூரிலிருந்து: குருவியைக் காணோம், புறா மட்டும் பெருகுகிறதே?

குருவிக் குஞ்சுக்குப் புழு பூச்சி வேண்டும். புறாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. தொண்டைப் பையில் ஊறும் 'பால்' கொடுத்தே குஞ்சை வளர்த்துவிடும், தாய் தந்தை இரண்டுமே. தானியம் கிடைத்தால் போதும், வருடம் முழுக்க இரண்டிரண்டாக முட்டையிடும். பால்கனி விளிம்பு அதற்கு மலைப்பாறை மாதிரி. வலை கட்டினால் அடுத்த ஃபிளாட்டுக்குப் போகும், அவ்வளவுதான். ஓர் இடம் எத்தனை உயிரைத் தாங்கும் என்பதைச் சோறும் கூடும்தான் முடிவு செய்யும். சோளம் இறைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். புண்ணியம் என்பார்கள், சண்டை வரும், தயாராக இருங்கள்.

அடையாறிலிருந்து: கிண்டிப் பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் போட்டி போடுமா?

பூங்காவின் பரப்பே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். வெளிமான், பெயரே சொல்கிறதே, வெட்டவெளி மிருகம். ஆபத்தைத் தூரத்திலேயே பார்த்து ஓடுவதுதான் அதன் பிழைப்பு. புள்ளிமானுக்குப் புல்லும் சரி, தழையும் சரி, மரநிழலும் சரி. புல்வெளியில் மரமும் புதரும் அடைந்துகொண்டே போனால் யார் கை ஓங்கும் என்று யோசியுங்கள். அங்கே 'மரம் நடுவோம்' என்பது வெளிமானுக்குச் செய்யும் உதவியல்ல.

பெரம்பூரிலிருந்து: அல்லித் தொட்டியில் கொசுப்புழு. மீன் விடலாமா?

விடலாம், கப்பி மீன் இரண்டு மூன்று போதும். ஆனால் அதை ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். வெளியூர் மீன் அங்கே நம் மீன்களின் இரையிலும் இடத்திலும் பங்கு கேட்கும். அப்புறம், காலியாகக் கிடக்கும் வாளி, டப்பாக்களின் உள்விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவின் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கே.கே. நகரிலிருந்து: வேப்பமரத்தில் காகம் குயில் குஞ்சுக்கு ஊட்டுகிறது. குயில் குஞ்சை எடுத்துவிட்டால் காகத்துக்கு நல்லதுதானே?

வேண்டாம். குயில் குஞ்சு பெரும்பாலும் காகக் குஞ்சுகளைத் தள்ளிவிடுவதில்லை. முன்னதாகப் பொரிந்து, தீனியில் முந்திக்கொள்ளும், அதுதான் அதன் தந்திரம். சென்னையில் காகம் குறைந்துபோய்விடும் என்று எனக்குக் கவலையில்லை. தவிர, நீங்கள் கூட்டில் கை வைத்தால் அந்தக் காகத்துக்கு எது யார் குஞ்சு என்ற கணக்கெல்லாம் கிடையாது. இப்போதைக்கு அந்த மரத்தடியில் போகும்போது குடை பிடித்துக்கொள்ளுங்கள்.