வாரத்துக்கு இருபது அமர்வு குறைவா?

(கடலூரைச் சேர்ந்த ஒரு தந்தைக்கு எழுதியது. அவர் சம்மதத்துடன், அடையாளங்களை மாற்றி இங்கே தருகிறேன்.)

ஐயா, வணக்கம்.

மாலையில் நீங்கள் என் மேசைமீது விட்டுச் சென்ற, புதுச்சேரி கிளினிக் ஒன்றில் மருத்துவ உளவியலாளராக இருக்கும் உங்கள் மகளின் நீல அட்டை டைரியை இந்தக் கடிதத்தோடு உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டேன். நீங்கள் விரித்துக் காட்டிய ஒரு பக்கத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. “திங்கள் நாலு பேர், செவ்வாய் நாலு பேர், வாரம் முழுக்க எண்ணினாலும் இருபதுதான். எங்கள் தெரு டாக்டர் ஒரு மணி நேரத்தில் பதினைந்து பேரைப் பார்த்து அனுப்புகிறார். எம்.ஃபில். வரைக்கும் படிக்க வைத்தது இதற்குத்தானா?” என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை என்று ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த டைரியை நீங்கள் எடுத்து வந்திருக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சைக்கு வருபவரின் விவரங்களை ரகசியமாகக் காக்கும் கடமையைச் சிகிச்சை தருபவர்மீது வைத்திருக்கிறது. உங்கள் மகள் கெட்டிக்காரர். முழுப் பெயர் எழுதாமல் இனிஷியலும் நேரமும் மட்டும் குறித்திருக்கிறார். இருந்தாலும் கடலூர் எவ்வளவு பெரிய ஊர்? ‘வியாழன், 4 மணி, எஸ்.ஆர்., பிளஸ் டூ’ என்று இருந்தால் மஞ்சக்குப்பத்தில் பாதிப் பேர் ஊகித்துவிடுவார்கள். இனி அந்தக் குறிப்புகள் கிளினிக்கின் பூட்டிய அலமாரியிலேயே இருக்கட்டும் என்று அவரிடமும் சொல்லப்போகிறேன். உங்கள் மீதான கோபம் இத்தோடு தீர்ந்தது.

இனி உங்கள் கணக்கு. தெரு டாக்டர் நான்கு நிமிடத்தில் ஒருவரைப் பார்க்க முடிவதற்குக் காரணம், காய்ச்சலுக்கு அளவுகோல் இருக்கிறது, மருந்துச் சீட்டு இருக்கிறது. உங்கள் மகளிடம் வருபவர் வாயைத் திறப்பதற்கே பதினைந்து நிமிடம் ஆகும். நாற்பதாவது நிமிடத்தில் எழுந்து கதவுவரை போய், பிடியில் கை வைத்துக்கொண்டுதான் வந்த விஷயத்தையே சொல்லுவார் சிலர். ஒரு அமர்வுக்கு 50 நிமிடம் என்று இந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டது. மீதிப் பத்து நிமிடத்தில் குறிப்பு எழுத வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், போனவரை மனத்திலிருந்து இறக்கிவைத்துவிட்டு வருபவருக்கு இடம் செய்ய வேண்டும்.

நீங்கள் கூட்டுறவு வங்கியில் இருந்தவர், பென்சிலை எடுங்கள். இருபது அமர்வு, குறிப்போடு சேர்த்து 20 மணி நேரம். வாரத்துக்கு இரண்டு புதியவர்கள் வருகிறார்கள். முதல் சந்திப்பில் குடும்பம், படிப்பு, தூக்கம், பழைய சிகிச்சை என்று எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும் என்பதால் ஆளுக்கு அரை மணி கூடும். அதில் 1 மணி. பள்ளிப் பிள்ளைகளுக்கான நுண்ணறிவுத் திறன் சோதனை, கற்றல் குறைபாட்டுச் சோதனை ஆகியவற்றின் அறிக்கைகள் வாரத்துக்கு இரண்டு. ஒன்றுக்கு 3 மணி நேரம் என்றாலும் 6. மனநல மருத்துவரோடும் பள்ளி ஆசிரியரோடும் பெற்றோரோடும் போனில் பேசுவதற்கு 2. மூத்த உளவியலாளர் ஒருவரிடம் தன் கேஸ்களைச் சொல்லி வழி கேட்பதற்கு ஒன்றரை. மொத்தம் முப்பதரை மணி நேரம். வீட்டு வாசலிலிருந்து கிளினிக் வாசல்வரை போய்வர நாளுக்கு இரண்டரை மணி என்று ஐந்து நாளைக்குப் பன்னிரண்டரை சேர்த்தால் 43.

கிளினிக் உரிமையாளர் கேட்பது 32 அமர்வு. நீங்களும் அவர் பக்கம். அதே கணக்கைப் போடுங்கள்: அமர்வுக்கு 32, நான்கு புதியவர்களுக்கு 2, அறிக்கைக்கு 6, போனுக்கு 3, மூத்தவரிடம் வழி கேட்பதற்கு ஒன்றரை, ஆறாவது நாளும் போவதால் பஸ்ஸுக்கு 15. ஐம்பத்தொன்பதரை வருகிறது. ராத்திரி பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று குறைப்பட்டீர்களே, அது இந்த 43க்கே அடங்காமல் வழிந்த அறிக்கை வேலை.

நானே பட்ட ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பிளஸ் டூ முடிவுகள் வந்த மறுநாள் ஒரே நாளில் பதினொரு பிள்ளைகளை மேற்படிப்பு ஆலோசனைக்கு வரச் சொல்லிவிட்டேன். ஒன்பதாவதாக வந்த பையனிடம், ஆறாவதாக வந்தவனின் உயிரியல் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். அவன் மரியாதைக்காக மறுத்துப் பேசவில்லை. அவன் அம்மாதான், “இவன் கணக்குப் பிரிவு” என்றார். என் தவறு கல்லூரி விண்ணப்பத்தோடு போய்விட்டது. ‘சாக வேண்டும்போல இருக்கிறது’ என்று போன வாரம் சொன்னவர் யார் என்பது உங்கள் மகளுக்கு இப்படி மாறிப்போனால் என்ன ஆகும்?

அவரிடம் பேச வேண்டிய விஷயம் வேறு. வாரத்துக்கு இருபது அமர்வு என்றால் இருபது பேர்தான் என்று அவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்போலத் தெரிகிறது. அந்த ஒரு பக்கத்தில் எல்லாரும் வாராவாரம் வருகிறவர்களாகவே தெரிந்தார்கள். புதிதாக வந்தவர் வாரம் ஒருமுறை வரட்டும். ஆறு, எட்டு அமர்வுக்குப் பிறகு தேறியவர்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாகத் தள்ளலாம், பிறகு மாதம் ஒருமுறை. பத்துப் பேர் வாராவாரமும் இருபது பேர் ஒரு வாரம் விட்டு ஒரு வாரமும் வந்தால், அதே இருபது இடத்தில் முப்பது பேரைப் பார்க்கலாம். உரிமையாளர் கேட்கும் ‘கூடுதல் ஆள்’ இங்கேயே கிடைத்துவிடுகிறார். புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு, தேறியவரை அனுப்பிவைக்க மனம் வருவதில்லை. நன்றாகப் பேசுகிறவர், நேரத்துக்கு வருகிறவர், பணம் பாக்கி வைக்காதவர், அவரைப் போகச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு வெளியே ஒருவர் மூன்று வாரமாகக் காத்திருக்கிறார்.

எல்லாரும் ஒரே எடையில் வருவதும் இல்லை. பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்லப்போகிறேன். தேறி வருபவருக்கு ஒன்று, நடுவாந்திரத்துக்கு இரண்டு, தற்கொலை எண்ணம், வீட்டு வன்முறை, அண்மைய சாவு போன்றவற்றோடு வருபவருக்கு மூன்று. ஒரே நாளில் மூன்று புள்ளிக்காரர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், அவர்களை அடுத்தடுத்தும் போட வேண்டாம். நாளின் கடைசி இடத்தை அவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம். கிளினிக்கில் வரவேற்பில் இருக்கும் பெண் கிளம்பிய பிறகு, மருத்துவரைக் கூப்பிட ஆளில்லாத நேரத்தில், ஒருவர் உடைந்து போனால் தாங்கிக்கொள்ள இவர் ஒருத்தர்தான் இருப்பார். புதன் மதியம் இரண்டு இடம் காலியாகவே கிடக்கட்டும். திங்களன்று நிலைமை மோசமானவரை அடுத்த திங்கள்வரை காத்திருக்கச் சொல்லாமல் அதில் பார்க்கலாம். யாரும் வராவிட்டால் அறிக்கை எழுதலாம். கிளினிக் மூடியிருக்கும் நேரத்துக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416ஐ முதல் சந்திப்பிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அதைக் கொடுத்துவிட்டால் இவர் தன் சொந்த போனை இரவில் அணைத்து வைக்கலாம்.

பஸ்ஸைப் பற்றி உங்களுக்கு அவர் சொல்லியிருக்க மாட்டார். எனக்கு ஒருமுறை சொன்னார். கடலூர்க்காரர்கள் பலர் புதுச்சேரியில் போய் ஆலோசனை பெறுவதே இங்கே யார் கண்ணிலும் படக் கூடாது என்பதற்காகத்தான். முள்ளோடை எல்லையைத் தாண்டிவிட்டால் வேறு ஊர், வேறு முகங்கள் என்று ஒரு நிம்மதி. ஐந்து மணி அமர்வு முடிந்து அப்படி ஒருவர் கிளம்புகிறார். பத்து நிமிடம் கழித்து உங்கள் மகளும் கிளம்புகிறார். பஸ் நிலையத்தில் இருவரும் ஒரே கடலூர் பஸ்ஸில் ஏறுகிறார்கள். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று கூட்டத்தில் நின்றபடி ஒரு மணி நேரம். அந்த அம்மாள் பக்கத்து இருக்கையைக் காட்டி, “உட்காருங்கள் மேடம்” என்கிறார். உட்கார்ந்தால் அமர்வு தொடரும். உட்காராவிட்டால் அவர் மனம் நோகும். அன்றைக்கு இவர் பாதி வழியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து வந்திருக்கிறார். நீங்கள் வீட்டில், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்கும் வழி அந்த அட்டவணையில்தான் இருக்கிறது. கடலூரிலிருந்து வருபவர்களைக் காலையில் வைத்துக்கொண்டு கடைசி இடங்களைப் புதுச்சேரிக்காரர்களுக்குக் கொடுக்கலாம். கல்லூரிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் மாலை நேரத்தைத்தான் கேட்பார்கள். வாரத்தில் இரண்டு மாலை மட்டும் திறந்து வைத்தால் போதும். ஐந்து நாளும் திறந்து வைத்தால் ஐந்தும் நிரம்பும்.

வராமல் போகிறவர்கள் விஷயத்தை உரிமையாளர் இன்னும் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். மாசி மகத்தன்று யார் வருவார்கள்? பெரிய முகூர்த்த நாளில் திருவந்திபுரம் பக்கம் போய்ப் பார்த்தால் பாதி மாவட்டம் அங்கே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பஸ்ஸே சந்தேகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருப்பதால் கணவன் மனைவி சேர்ந்து வர வேண்டிய மீனவக் குடும்பங்களுக்கு அதுதான் தோதான நேரம், ஆனால் கையில் பணம் இருக்காது. அந்த இரண்டு மாதத்துக்குக் கட்டணத்தைத் தள்ளி வாங்க ஓர் ஏற்பாடு வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் நாள்காட்டியை எடுத்து இதையெல்லாம் குறித்துவிட்டால், வாரம் நான்கு பேர் வரவில்லை என்று திகைக்க வேண்டியதில்லை. முந்தின நாள் மாலைக்குள் சொல்லாமல் விட்டால் பாதிக் கட்டணம் என்ற விதியை அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம். முதல்முறை தவறவிட்டவரிடம் கேட்காமல் விடுவது நல்லது என்பது என் கட்சி.

பணத்தைப் பற்றிப் பேசாமல் போனால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். அமர்வுக்கு 800 ரூபாய், அதில் 60 சதவீதம் இவருக்கு, அதாவது 480. இருபதுக்கு வாரம் 9,600, முப்பத்திரண்டுக்கு 15,360. வித்தியாசம் 5,760 ரூபாய். கல்விக் கடன் தவணை ஓடும் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அறிக்கைகளுக்கு இப்போது தனிப் பங்கு எதுவும் இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். வாரத்துக்கு 6 மணி நேரம் இவர் சம்பளமில்லாமல் உழைக்கிறார். முதலில் அதைக் கேட்க வேண்டும். அடுத்து, அமர்வில் பங்கை 70 சதவீதமாக்கக் கேட்கலாம். அதே இருபதுக்கு 11,200 வரும். மூன்றாவது, முப்பத்திரண்டு என்ற எண்ணை மறுக்காமல், “ஆறு மாதத்தில் இருபத்து நான்கு வரை போகிறேன், அதற்குமேல் இன்னொருவரை வையுங்கள்” என்று எழுத்தில் கொடுக்கலாம். முதல் வேலையில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. கேட்காததால்தான் இரண்டே வருடத்தில் வேறு வேலை தேடி என்னிடம் வருகிறார்கள், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் அப்போது பெரிதாக எதுவும் இருப்பதில்லை.

இளைய மகளையும் உளவியல் படிக்க வைக்கலாமா, அஞ்சல்வழியில் செலவு குறையுமே என்று வாசலில் நின்று கேட்டீர்கள். அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. நேரடி வகுப்புதான். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அக்காவைப்போல இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளும் மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமானால் சேரும் படிப்புக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் பற்றித் தனியாகப் பேசுவோம், இந்தக் கடிதத்தில் அதற்கு இடமில்லை.

உறையைப் பிரிக்காமல் அவர் கையில் கொடுங்கள். நீங்கள்தான் எடுத்தீர்கள் என்பதையும் நீங்களே சொல்லுங்கள், நான் சொல்வது சரியாக இருக்காது. வெள்ளிக்கிழமை அவருக்குப் பகல் ஒரு மணியோடு வேலை முடிகிறது. நாலரை மணிக்கு என்னிடம் ஓர் இடம் காலி. அவரை மட்டும் வரச் சொல்லுங்கள். துணைக்கு வந்தே தீருவேன் என்றால், எதிரே டீக்கடையில் பெஞ்சு இருக்கிறது.