மஞ்சள் கடுதாசி கொடுத்தால் படிப்புக் கடன் தீருமா?

அமெரிக்காவில் படித்துக் கடனில் சிக்கியிருக்கும் வாசகர்களின் கேள்விகள் சிலவற்றுக்கு இந்த முறை பதில்.

கே: சாப்டர் 7 (இருக்கும் சொத்தை விற்று, மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் முறை) திவால் மனுவில் என் கிரெடிட் கார்டு பாக்கிகள் ஒழிந்தன. படிப்புக் கடனுக்கு மட்டும் மறுபடி பில் வருகிறதே?

ப: வரத்தான் செய்யும். திவால் சட்டத்தின் 523-ஆம் பிரிவு படிப்புக் கடனைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறது. அது தீர வேண்டுமானால், கடன் கொடுத்தவரை எதிர்வாதியாக்கி அதே திவால் நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட வேண்டும். ‘முடியவே முடியாது’ என்று யாரோ சொன்னதை நம்பிப் பலர் அந்த வழக்கைப் போடுவதே இல்லை. உங்கள் மனு முடிந்துவிட்டது என்று கைவிட வேண்டாம். இதற்காக அதை மறுபடி திறக்கக் கேட்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

கே: நீதிமன்றத்தில் எதை நிரூபிக்க வேண்டும்?

ப: ‘மிதமிஞ்சிய கஷ்டம்’ என்பதை. சட்டம் இதற்கு விளக்கம் தரவில்லை. 1987-இல் வந்த ப்ரன்னர் வழக்கின் அளவுகோலைத்தான் பெரும்பாலான நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. கடனைக் கட்டினால் குறைந்தபட்ச வாழ்க்கை கூட நடத்த முடியாது, இந்த நிலை நெடுநாள் நீடிக்கும், கட்டுவதற்கு மனசாட்சிப்படி முயன்றேன் என்ற மூன்றையும் காட்ட வேண்டும். ஒரு வேடிக்கை: அந்தத் தீர்ப்பு வந்த காலத்தில், தவணை தொடங்கி ஐந்து ஆண்டுகள் பொறுத்தால் கஷ்டத்தை நிரூபிக்காமலேயே திவால் மனுவில் கடன் தீர்ந்துவிடும். பிறகு அது ஏழு ஆண்டுகளாயிற்று. 1998-இல் அந்தக் கதவையே அடைத்துவிட்டார்கள். அவசரக்காரர்களுக்காக வகுத்த கடுமையான சோதனை எல்லோர் தலையிலும் விழுந்தது. இது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை.

மத்திய அரசுக் கடனாக இருந்தால் கொஞ்சம் ஆறுதல் உண்டு. 2022 நவம்பரில் அரசின் நீதி அமைச்சகம் புதிய வழிகாட்டுதல் வெளியிட்டது. வரவு செலவை உறுதிமொழிப் படிவத்தில் எழுதித் தந்தால், தகுதி இருக்கும்பட்சத்தில் அரசு வழக்கறிஞரே தள்ளுபடிக்கு இசையலாம். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர், பட்டம் முடிக்காதவர், கடைசிப் பத்தாண்டுகளில் ஐந்தாண்டாவது வேலையில்லாமல் இருந்தவர் ஆகியோரின் கஷ்டம் இனியும் தொடரும் என்றே அது அனுமானிக்கிறது. தவணை கட்டியிருந்தால்தான் ‘முயற்சி’ என்பதில்லை. ஒத்திவைப்புக் கேட்டு விண்ணப்பித்ததும் கணக்கில் சேரும். அந்தக் கடிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முடிவு நீதிபதியின் கையில். பாதி மட்டும் தள்ளுபடி ஆவதும் உண்டு.

கே: என்னுடையது தனியார் வங்கிக் கடன்.

ப: 2005 சட்டத் திருத்தத்துக்குப் பின் அதுவும் மிதமிஞ்சிய கஷ்டத்தை நிரூபித்தால்தான் தீரும், 2022 வழிகாட்டுதல் மட்டும் பொருந்தாது. ஆனால் பத்திரத்தில் ‘மாணவர்’ என்று எழுதியிருப்பதாலேயே எல்லாம் படிப்புக் கடன் ஆகிவிடாது. அங்கீகாரமில்லாத பள்ளிக்கு வாங்கியதோ, வழக்கறிஞர் தேர்வுக்குத் தயாராக வாங்கியதோ சாதாரணக் கடனாகவே தீர வாய்ப்புண்டு. பத்திரத்தை முதலில் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கே: அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எனக்குத் தள்ளுபடியானால் அவருக்கும் ஆகுமா?

ப: ஆகாது. வங்கி அவரைத் தேடி வரும்.

கே: விபத்துக்குப் பிறகு என் தம்பியால் வேலை செய்யவே முடியவில்லை. அரசுக் கடன்தான். திவால் மனு போடட்டுமா?

ப: அவசரப்படாதீர்கள். நிரந்தர முழு ஊனம் என்று மருத்துவர் சான்றளித்தால், நீதிமன்றம் போகாமல் கல்வித்துறையிடமே தள்ளுபடிக்கு விண்ணப்பிக்கலாம்.