வாசகர் கேள்வி: மைனஸ் முப்பதில் டீசலா, பெட்ரோலா?

கேள்வி: வணக்கம் அண்ணா. கனடாவில் எட்மண்டனுக்கு வந்து எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். பழைய பிக்கப் டிரக் ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். வேலைக்குப் போக 9 கிலோமீட்டர், வர 9. கோடையில் நாலைந்து தடவை சின்ன கேம்பர் டிரெய்லரை ஜாஸ்பர் பக்கம் இழுத்துப் போக வேண்டும். அபார்ட்மென்ட்டில் குடியிருப்பதால் வண்டி தெருவில்தான் நிற்கும். கூட வேலை செய்பவர்கள் "டிரக் என்றால் டீசல்தான், குளிருக்கு அதுதான் தாங்கும்" என்கிறார்கள். மனைவி பெட்ரோலே போதும் என்கிறாள். எதை வாங்க?

பதில்: தம்பி, வீட்டில் சொல்வதைக் கேளுங்கள், பெட்ரோலே வாங்குங்கள். (இங்கே 'கேஸ் டிரக்' என்றால் பெட்ரோல் வண்டிதான். சிலிண்டர் வைத்து ஓட்டப் போகிறீர்களோ என்று ஊரில் அப்பா பயந்தால் சொல்லிவிடுங்கள்.) குளிரைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. உங்கள் 9 கிலோமீட்டரையும் தெருவில் நிற்கப் போகிற வண்டியையும் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வண்டிகளின் முன்னால் கிரில்லிலிருந்து ஒரு வயர் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வந்த வருஷம் அதைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் எல்லாரும் எலெக்ட்ரிக் வண்டி வைத்திருக்கிறார்களே என்று வியந்தவன் நான். அது பிளாக் ஹீட்டர், கரண்டில் செருகினால் இன்ஜினைச் சூடாக்கும். கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்னால் ஓடும்படி டைமர் வைத்தால் போதும், இன்ஜின் சூடாகிவிடும். நல்ல பேட்டரியும் குளிரில் கெட்டியாகிவிடாத ஜீரோ டபிள்யூ சிந்தெடிக் ஆயிலும் இருந்தால் பெட்ரோல் வண்டி மைனஸ் 25-இல் ஹீட்டர் இல்லாமலும் முனகிக்கொண்டே கிளம்பிவிடும். டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை ஏறக்குறைய 16 மடங்கு அழுத்தி அந்தச் சூட்டில்தான் எரிபொருள் பற்ற வேண்டும், இன்ஜின் இரும்பே மைனஸ் 30-இல் கிடந்தால் அந்தச் சூட்டை அதுவே குடித்துவிடும். இன்ஜினுக்குள் சூடேற்றித் தரும் குளோ பிளக் உதவத்தான் செய்யும், ஆனால் மைனஸ் 18-லேயே பேட்டரி இன்ஜினைச் சுழற்றும் சக்தி பாதியாகிவிடுகிறதே! பெரிய டீசல் பிக்கப்பில் இரண்டு பேட்டரி இருப்பது இதற்காகத்தான். சரி, தெருவில் ஹீட்டர் வயரைச் செருக பிளக்குக்கு எங்கே போவீர்கள்? மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து வயர் விடவா முடியும்?

அப்புறம் அந்த 9 கிலோமீட்டர். 2007 வாக்கில் தொடங்கி டீசல் பிக்கப்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் ஒன்று வருகிறது, டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரி எரிந்து சாம்பலாக வேண்டுமென்றால் ஃபில்டருக்குள் 500 டிகிரிக்கு மேல் சூடு ஏற வேண்டும், அதற்கு நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரமாவது ஓட வேண்டும். டீசல் இன்ஜின் சூடாவதே மெதுவாக. உள்ளே ஹீட்டரில் வெதுவெதுப்பு வருவதற்குள் நீங்கள் வேலை இடத்தில் நிறுத்திவிடுவீர்கள். குளிருக்குப் பயந்து வண்டியை நகர்த்தாமல் அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டாலோ, கரி இன்னும் சேரும். புது ஃபில்டரின் விலை கேட்டால் டிரக் ஆசையே போய்விடும்.

டீசல் உறைவதைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அது எனக்கே நடந்தது. முன்பு டீசல் வைத்திருந்தபோது ஒரு ஜனவரியில் கடலோர வான்கூவர் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்து, வழியில் ஹிண்டனில் இரவு தங்கினேன். காலையில் மைனஸ் 31. வண்டி கிளம்பி நூறு மீட்டர் போய் இருமி இருமி நின்றது. டீசல் வடிகட்டும் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மார்கழி மாதத் தேங்காய் எண்ணெய் மாதிரி வெள்ளையாகக் கட்டி. டீசலில் மெழுகு கலந்திருக்கிறது, குளிர் ஏற ஏற அது பிரிந்து வந்து ஃபில்டரை அடைக்கும். ஆல்பர்ட்டாவில் குளிர்காலத்துக்கென்று தயாரித்த டீசல் விற்பார்கள், அதனால் உள்ளூரில் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கடலோரத்தில் அவ்வளவு குளிர் இல்லாததால் அங்கே கிடைப்பது அந்தக் குளிருக்கு ஏற்றது, இங்கே தாங்காது. ஆன்டி-ஜெல் மருந்தையும் உறைவதற்கு முன்பே ஊற்ற வேண்டும், கட்டியான பிறகு அது கரைக்காது. பெட்ரோலுக்கு இந்த வம்பு கிடையாது.

இவ்வளவு திட்டினாலும் டீசல் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஃபோர்ட் மெக்மர்ரி பக்கம் தினமும் முந்நூறு நானூறு கிலோமீட்டர் ஓடுகிற, பத்தாயிரம் பவுண்டு டிரெய்லர் இழுக்கிற, ராத்திரி பிளக்கில் போட இடம் இருக்கிற ஆள் கேட்டிருந்தால் யோசிக்காமல் டீசல் என்றிருப்பேன். லிட்டருக்கு அதிக தூரம் போகும், மலை ஏறும்போது அந்த இழுவை பெட்ரோலில் வராது. பிளக் இல்லாதவர்கள்கூட வண்டி டீசலையே எரித்து இன்ஜினைச் சூடாக்கும் வெபாஸ்டோ மாதிரி ஹீட்டர் வைத்துச் சமாளிக்கலாம். வருஷத்துக்கு நாலு தடவை சின்ன கேம்பர் இழுக்கிற உங்களுக்கு அந்தச் செலவு எதற்கு? ஃபோர்டு எஃப்-150 அல்லது ஷெவ்ரலே சில்வராடோ 1500 பெட்ரோலில் பாருங்கள், கேம்பரின் எடையை மட்டும் அந்த வண்டி இழுக்கலாம் என்று அதன் கையேட்டில் போட்டிருக்கும் எடையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் முதலில் நாலு குளிர்கால டயர் வாங்குங்கள். வெறும் பிக்கப்பின் பின்பக்கம் கனமே இருக்காது, பனியில் வால் ஆட்டும், நாலு மணல் மூட்டையைப் பின் அச்சுக்கு மேலே போட்டு நகராமல் கட்டிவையுங்கள். வாங்கும்போது கிரில்லில் தொங்கும் அந்த வயரை ஒரு தடவை பிளக்கில் செருகிப் பார்த்துவிடுங்கள். பழைய வண்டிகளில் பாதிக்குப் பாதி வயர் இருக்கும், ஹீட்டர் செத்திருக்கும்.