தொதல் குமிழியும் எரிமலையும்: வாசகர் கேள்விகள்

ஹவாயில் எரிமலைக் குழம்பு ஓடுவதை ஆட்கள் நின்று பார்க்கிறார்கள். இந்தோனேசியாவில் ஊரையே காலி செய்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? (வெள்ளவத்தை)

தொதல் கிண்டியிருக்கிறீர்களா? வெறும் தேங்காய்ப்பால் கொதிக்கும்போது குமிழி வந்தவுடன் உடைந்துவிடும். அதே பால் மாவும் சர்க்கரையும் சேர்ந்து இறுகும் நேரம், ஒரு குமிழி மெதுவாக உப்பி, டப்பென்று வெடித்து முழங்கை வரை தெறிக்கும். பாறைக் குழம்பும் அப்படித்தான். ஹவாயில் வருவது பசால்ட் என்ற கரும்பாறையாக இறுகும் குழம்பு; அதில் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) ஏறத்தாழ 50 சதவீதம்தான். இளக்கமாக இருப்பதால் நீராவியும் மற்ற வாயுக்களும் சுலபமாக வெளியேறும். இந்தோனேசியாவின் பல எரிமலைகளில் சிலிக்கா இதைவிட அதிகம். அது கூடக் கூடக் குழம்பு பிசுபிசுக்கும், வாயு உள்ளேயே அடைபடும், அழுத்தம் தாங்காத கட்டத்தில் பாறையே தூளாகச் சிதறும். குதிகால் தேய்க்கும் நுரைக்கல் இருக்கிறதல்லவா, அசல் கல்லில் தெரியும் அந்த ஓட்டைகள் அடைபட்ட வாயுவின் தடங்கள்.

மலையின் உருவமும் இதனால்தான் மாறுகிறது. இளகிய குழம்பு தூரம் ஓடிப் பரவுவதால் ஹவாயின் மௌனா லோவா எரிமலை கவிழ்த்த கேடயம் போலக் கிடக்கிறது. இந்தோனேசியாவின் மெராப்பி போன்ற அடுக்கு எரிமலைகளில் குழம்பும் சாம்பலும் மாறிமாறிக் குவிந்து செங்குத்தாக உயர்கின்றன. அளவில் பெரிய மலைதான் ஆபத்தானது என்று நினைக்காதீர்கள்.

கன்னியா வெந்நீரூற்றுக்கு அடியில் எரிமலை இருக்கிறதா? (கொட்டாஞ்சேனை)

இல்லை. ஆழத்தில் பூமியின் சூட்டில் காய்ந்த நிலத்தடி நீர், வெடிப்புகள் வழியாக மேலே வருகிறது. அவ்வளவுதான்.

அப்படியென்றால் எரிமலையால் நமக்கு எந்தப் பாதிப்பும் வராதா? (தெஹிவளை)

1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த கடல் அலை இலங்கைக் கரையையும் தொட்டது. அடுத்த மாதம் இங்கே சூரியன் பச்சையாகத் தெரிந்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள். வானில் உயரப் பரவிய எரிமலைத் துகள்கள் செய்த வேலை அது.

வெடிப்புச் சுட்டெண் 6, 7 என்கிறார்கள். ஒன்றுதானே கூட? (பம்பலப்பிட்டி)

வெடிப்பின் அளவைச் சொல்லும் இந்த எண் ஒன்று கூடினால் வெளியே வரும் சாம்பலும் கல்லும் ஏறத்தாழ பத்து மடங்கு. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ 6, 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா 7. ஆனால் இந்த எண் உயிரிழப்பைச் சொல்லாது. கொலம்பியாவின் நெவாடோ டெல் ருயிஸ் எரிமலை 1985இல் வெடித்தது வெறும் 3தான். உச்சியில் பனி உருகி, சேற்று வெள்ளம் ஆர்மேரோ நகரை மூடியது. 20,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சேறு ஊரை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் கையிலிருந்தும் அந்த மக்களை வெளியேற்றவில்லை.